காணாத நோயாளியின் உரிமை

தர்மபுரி மாவட்டத்திலுள்ள கடத்தூர், வெற்றிலை வாணிபத்தால் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்ற ஊர். உறவினர் இல்லத் திருமணம் ஒன்றுக்காக நாம் அங்குச் சென்றிருந்தபோது, மாலைப் பொழுதில் கொடிக்கால் ஒன்றைப் பார்த்துவரப் போனோம். அகத்தி மரங்களின் நிழலில், ஈரம் காயாத பாத்திகளில், வெற்றிலைக் கொடி செழித்து நிற்கும் காட்சி கண்ணுக்குக் குளிர்ச்சியானது. ஆனால், அந்த ஈரத்தையும் நிழலையும் நாடித் தவளையும் எலியும் வரும். அவற்றை நாடிப் பாம்பும் வரும். அங்கே வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரின் வலக் கையில் இரண்டு விரல்கள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கண்ணாடிவிரியன் தீண்டியதாம். காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருக்கிறார்கள். விஷமுறிவு மருந்தும் ஏற்றப்பட்டது, உயிர் பிழைத்தது. எனினும், கடிவாயைச் சுற்றிய தசை அழுகிப்போய், இரண்டு விரல்களை எடுத்துவிட வேண்டியதாயிற்று. பல மாதங்கள் வேலையில்லை. வீட்டுச் செலவுக்கு வட்டிக்குக் கடன் வாங்கினார். செய்தியறிந்த ஜமாஅத்தார் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் துண்டு விரித்தார்கள். அவர் நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும், அதை யாரும் கேட்கவில்லை. கடைத்தெரு வணிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். வட்டியும் முதலுமாகக் கடன் முழுவதும் அடைபட்டது. இதை நன்றியோடு சொல்லிவந்த அவர், இறுதியில், “கடன் தீர்ந்துபோச்சு பாய், கைதான் திரும்பி வரலை” என்றார்.

இந்த ஒரு சொல் ஊர் திரும்பிய பின்னரும் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. கொடுத்தவர்களிடம் குறையில்லை. சிகிச்சை அளித்தவர்களிடமும் குறையில்லை. இருந்த மருந்தைக் கொடுத்தார்கள்; அந்த மருந்துக்கு விரலைக் காக்கும் ஆற்றல் இல்லை. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? துண்டு விரித்தபோது நோயாளி கண்முன் இருந்தார், நெஞ்சம் இளகியது, கை திறந்தது. நாளைக்கு அதே கொடிக்காலில் தீண்டப்படப் போகிறவர் இன்று நம் கண்முன் இல்லை. அவருக்கு உதவக்கூடியது பணமன்று, இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒரு மருந்து. அந்த மருந்தைத் தேடும் ஆராய்ச்சிக்காகத் துண்டு விரிப்பவர் யார்? கண்ணில் படாத நோயாளிக்கு நம்மீது உரிமை உண்டா, இல்லையா? இக்கேள்வியையே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

ஏழையைத் தேடி வரும் நோய்

பாம்புக்கடியை ஒரு விபத்து என்றே நாம் கருதி வந்திருக்கிறோம். விதி என்று சொல்லி ஆறுதல் அடைவோரும் உண்டு. 2017-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் பாம்புக்கடியையும் சேர்த்தது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்பு தீண்டி மாண்டிருப்பர் என, 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர்கள்! இவர்களில் நான்கில் ஒரு பங்கினர் பதினைந்து வயது நிரம்பாத சிறுவர் சிறுமியர். பெரும்பாலோர் கிராமத்தவர், மருத்துவமனையை அடையாமல் வீட்டிலேயே உயிர் நீத்தவர்கள். அதனால் மருத்துவமனைப் பதிவேடுகளில் ஏறிய மரணங்கள் இத்தொகையில் மிகச் சிறு பங்கே. தமிழக அரசு 2024-இல்தான் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. எண்ணப்படாத மரணத்துக்காக எவரும் கவலைப்படுவதில்லை. கவலைப்படாத இடத்தில் ஆராய்ச்சியும் பிறப்பதில்லை.

இப்போதுள்ள மருந்து எவ்வாறு கிடைக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளல் நலம். 1890-களில் ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதற்கு வழி கண்டார். குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து மனிதனுக்குச் செலுத்துவதே அம்முறை. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. மனிதன் சந்திரனில் கால் பதித்துத் திரும்பிவிட்டான். கொடிக்காலில் கால் பதிப்பவனுக்கு மட்டும் அதே பழைய மருந்து! நம் நாட்டு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராக மட்டுமே தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது. 1978-இல் தோன்றிய இச்சங்கத்தின் உறுப்பினர்கள் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாடெங்கும் உயிர் காக்கும் மருந்தின் முதற்கண்ணி, நாட்டின் மிக ஏழைகளுள் ஒருசாராரின் கையில் இருக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டபோதுதான் நம்மில் பலர் அவர்களைப் பற்றிக் கேள்வியுற்றோம்.

ஒரே இனப் பாம்பின் விஷமும் நிலத்துக்கு நிலம் வேறுபடுகிறது. தமிழகத்துப் பாம்பின் விஷத்தைக் கொண்டு ஆக்கிய மருந்து வேறு மாநிலத்தில் அதே அளவு வேலை செய்வதில்லை என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இவையெல்லாம் விடை காணக்கூடிய வினாக்களே. விடை காண்பதற்கு ஆட்களும் ஆண்டுகளும் வேண்டும். அந்த ஆண்டுகளுக்கு யார் சோறு போடுவது என்பதே கேள்வி.

சந்தையின் தராசு

மருந்து வாணிபம் தன் பணத்தைத் திரும்பப் பெறும் இடத்தில்தான் போடும். இதில் வியப்பில்லை. 1975 முதல் 1999 வரை உலகச் சந்தைக்கு வந்த புதிய மருந்துகள் 1,393 என்றும், அவற்றுள் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் உரியவை 16 மட்டுமே என்றும் 2002-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. நோய் எங்கே மிகுதியோ அங்கே மருந்து தேடப்படவில்லை. பணம் எங்கே மிகுதியோ அங்கே தேடப்பட்டது.

ஆப்பிரிக்காவில் ‘தூக்க நோய்’ என்றொரு கொடிய நோய் உண்டு. மூளையைத் தாக்கி, உறக்கத்தில் ஆழ்த்தி, உயிரைப் பறிக்கும். அதற்கு எஃப்லோர்னிதின் என்னும் மருந்து 1990-இல் ஏற்பளிக்கப்பட்டது. வாங்குவோர் ஏழைகள், ஆதாயம் இல்லை. ஆகவே சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது. பின்னர், அதே பொருள் பெண்களின் முகத்தில் வளரும் வேண்டாத முடியைக் குறைக்கும் என்று தெரியவந்தது. 2000-இல் களிம்பாகச் சந்தைக்கு வந்தது. மருத்துவத் தொண்டர்கள் எழுப்பிய கண்டனக் குரலுக்குப் பிறகே, 2001-இல் தூக்க நோயாளிகளுக்கும் அது மீண்டும் கிடைக்க வழி பிறந்தது. ஒரு முகத்தின் அழகுக்கு இருந்த விலை ஓர் உயிருக்கு இல்லாமற் போயிற்று. அந்நிறுவனத்தார் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தராசு எடையைத்தான் காட்டும். அதனிடம் இரக்கத்தை எதிர்பார்ப்பது நம் பிழை.

பாம்புக்கடி மருந்துக்கும் இதே கதி நேர்ந்ததுண்டு. ஆப்பிரிக்காவில் பத்து வகைப் பாம்புகளின் விஷத்தை முறித்துவந்த சிறந்த மருந்தொன்றின் தயாரிப்பை ஒரு பெரிய நிறுவனம் 2014-இல் நிறுத்தியது. அதன் கடைசிச் சரக்கு 2016-இல் காலாவதியாயிற்று. பாம்புகள் தீண்டுவதை நிறுத்தவில்லை.

வந்து வந்து நிற்கும் பணம்

சந்தை கைவிட்ட இடத்தில் அரசுகளும் செல்வ நாடுகளும் உதவியிருக்கின்றன. அதை மறுப்பது நன்றி கொன்றதாகும். ஆயினும், ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படும் பணம் ஒரு கையெழுத்தால் வரும், மறு கையெழுத்தால் நிற்கும். 2021-இல் பிரிட்டிஷ் அரசு அயல்நாட்டு உதவியைக் குறைத்தபோது, புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான அதன் பெருந்திட்டம் இடைநடுவே நிறுத்தப்பட்டது. 2025-இல் அமெரிக்க அரசு தன் அயலுதவி நிறுவனத்தையே மூடியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. கட்டிய வீட்டுக்குப் பணம் நின்றால் வீடு அரைகுறையாக நிற்கும், மறுபடியும் தொடரலாம். ஆராய்ச்சிக்குப் பணம் நின்றால் பயிற்சி பெற்ற இளைஞர் வேறு வேலைக்குப் போய்விடுவார். சேர்த்துவைத்த மாதிரிகள் கெட்டுவிடும். தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

நீடித்து நின்ற ஆராய்ச்சி என்ன செய்யும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. காசநோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைக்காமல், வீட்டில் இருந்தபடியே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்பதை அங்கு நடந்த ஆய்வு 1959-இல் நிலைநாட்டியது. அந்த முடிவால் பயனடைந்தது சென்னை மட்டுமன்று. உலகெங்கும் ஏழை நோயாளிகளின் சிகிச்சை முறையே மாறிற்று. சில ஆண்டுகளுக்கென்று தொடங்கிய அம்மையத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிலையான நிறுவனமாக ஏற்றுக்கொண்டதால், அது இன்றளவும் தொடர்ந்து இயங்குகிறது. அறிவுக்கு வேண்டியது பெரும்பணம் என்பதைவிட நில்லாத பணம் என்பதே பொருத்தம்.

முன்னோர் கண்ட வழி

நில்லாத பணத்துக்கு ஒரு வடிவத்தை நம் முன்னோர் கண்டு வைத்திருந்தார்கள். அதுவே வக்ஃபு. பொருளின் முதலைத் தொடாமல் நிறுத்தி, அதன் வருவாயை மட்டும் நற்பணிக்குச் செலவிடுவது; விற்கவும் கூடாது, வாரிசுகள் பங்கிட்டுக்கொள்ளவும் கூடாது. தோப்பும் குளமும் கடையும் இவ்வாறு வக்ஃபு செய்யப்பட்டன. நம் காலத்தில் வக்ஃபு என்றதும் பள்ளிவாசலும் மதரஸாவும் கபரஸ்தானும் நினைவுக்கு வருகின்றன. வரலாற்றிலோ மருத்துவமனைகளுக்கும் அதில் பேரிடம் உண்டு. 1284-இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மன்சூரி மருத்துவமனை வக்ஃபின் வருவாயால் நடந்தது. அரசனென்றும் அடிமையென்றும் பாராமல் அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. மருத்துவக் கல்வியும் கற்பிக்கப்பட்டது.

இருதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்பதை ஐரோப்பியர் அறிவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே எழுதிவைத்தவர் இப்னு நஃபீஸ். அவர் டமாஸ்கஸில் நூருத்தீன் நிறுவிய மருத்துவமனையில் பயின்றவர்; 1288-இல் கெய்ரோவில் காலமானார். தம் வீட்டையும் நூல்களையும் மன்சூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார். அறக்கொடையின் நிழலில் வளர்ந்த அறிஞர், தம் இறுதியில் அந்த நிழலுக்கே நீர் வார்த்துவிட்டுப் போனார். நம் நாட்டிலும், தில்லியில் ஹகீம் அப்துல் ஹமீது தம் குடும்பத்தின் ஹம்தர்து மருந்து நிறுவனத்தை 1948-இல் வக்ஃபு ஆக்கினார். அதன் வருவாயில் ஆராய்ச்சி நிலையமும் பல்கலைக்கழகமும் எழுந்தன.

பெயர் வேறாயினும் இதே வடிவை மேல்நாட்டார் ஒருவரும் கைக்கொண்டார். லண்டனில் மருந்து நிறுவனம் நடத்திய ஹென்றி வெல்கம் 1936-இல் மறைந்தபோது, தம் நிறுவனத்தின் உடைமை முழுவதையும் மருத்துவ ஆராய்ச்சிக்கென உயில் எழுதியிருந்தார். அந்த அறக்கட்டளை 2019-இல், பாம்புக்கடி ஆராய்ச்சிக்கென ஏழாண்டுகளுக்கு 8 கோடி பவுண்டு ஒதுக்கியது. 2008 முதல் நம் நடுவண் அரசோடு சேர்ந்து இந்திய விஞ்ஞானிகளுக்கும் அது உதவித்தொகை வழங்கிவருகிறது. பெங்களூரில் விஷங்களை ஆராயும் கார்த்திக் சுனகர் அத்தகைய உதவி பெற்றவர்களுள் ஒருவர். 2024-இல் அமெரிக்க விஞ்ஞானிகளும் பெங்களூர்க் குழுவினரும் சேர்ந்து, குதிரையின்றிச் சோதனைச் சாலையிலேயே ஆக்கிய எதிர்ப்புப் பொருள் ஒன்றை வெளியிட்டார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன் போன்றவற்றின் நரம்பைத் தாக்கும் விஷக்கூறிலிருந்து அது எலிகளைக் காத்தது. மனிதனுக்கு வந்து சேர இன்னும் பல படிகள் உள. கண்ணாடிவிரியனின் விஷம் வேறு வகை. அதற்கு இது பயன்படாது. கடத்தூர்த் தொழிலாளியின் விரல்களைப் போன்றவற்றைக் காக்கும் மருந்து இன்னும் தேடப்பட வேண்டியதாகவே இருக்கிறது. ஆயினும், 1936-இல் மறைந்த ஒருவரின் பொருள், அவர் கனவிலும் காணாத மக்களுக்காக இன்று உழைத்துக்கொண்டிருக்கிறது. ஸதகா ஜாரியா என்று நாம் சொல்வதன் பொருளை இதைவிட விளக்கமாகக் காட்ட இயலுமா?

எழும் ஐயங்கள்

பசித்தவன் வாசலில் நிற்கும்போது, பலன் தருமோ தராதோ என்றிருக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது முறையா என்று கேட்கலாம். இது தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று. ஜகாத்துக்குரியோர் எண் வகையினர். அப்பொருள் உரியவரின் கையில் உடைமையாகச் சேர வேண்டும் என்பது ஹனஃபி சட்ட அறிஞர்கள் வலியுறுத்தும் நிபந்தனை. ஆகவே ஜகாத்தைச் சோதனைச் சாலைக்குத் திருப்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. வாசலில் நிற்பவனின் உரிமை வாசலில் நிற்பவனுக்கே. நாம் பேசுவது, அதற்கு மேல் விரும்பிக் கொடுக்கும் தர்மத்தையும் புதிதாகச் செய்யும் வக்ஃபையும் பற்றியே. பழைய வக்ஃபுகளையும் திசை திருப்பச் சொல்லவில்லை; வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனையை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

இது அரசின் கடமையன்றோ என்பது மற்றோர் ஐயம். கடமைதான், அதை அரசு செய்யும்படி கேட்பதும் நம் கடமை. ஆனால், அரசின் கவனம் பெருங்குரலின் பக்கம் திரும்பும். பாம்பு தீண்டி விரலிழந்தவர் கூட்டம் கூட்டுவதில்லை. ஆட்சி மாறினாலும் ஆண்டுத் திட்டம் மாறினாலும் மாறாத ஒரு சிறு வருவாய், மறக்கப்பட்டவற்றை மறவாமல் வைத்திருக்கும்.

மூன்றாவது ஐயம் நம்மைப் பற்றியது, அதுவே கடுமையானது. வக்ஃபுகளை நாம் ஒழுங்காகக் காத்தோமா? நாட்டில் பதிவு செய்யப்பட்ட வக்ஃபுச் சொத்துகள் 4.9 இலட்சம் என்றும், அவற்றின் ஆண்டு வருவாய் சுமார் 163 கோடி ரூபாய் மட்டுமே என்றும் 2006-இல் சச்சார் குழு அறிக்கை தெரிவித்தது. முறையாகப் பயன்படுத்தியிருந்தால் வருவாய் 12,000 கோடி ரூபாயாக இருக்கக்கூடும் என்பதும் அக்குழுவின் மதிப்பீடு. ஆக்கிரமிப்பு, அற்ப வாடகை, கணக்கில்லாத நிர்வாகம் ஆகியவற்றால் நாம் இழந்ததை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. முதலை நிறுத்தி வைப்பதோடு கடமை முடிந்துவிடாது. கண்காணிப்பதற்கும் நாணயமான ஆட்கள் வேண்டும். வடிவம் சிறந்ததாக இருப்பதால் மட்டும் அறம் நிலைத்துவிடுவதில்லை.

ஒரு கடையின் வாடகை

சிற்றூர் ஒன்றால் உலக ஆராய்ச்சிக்கு என்ன செய்ய முடியும் என்று மலைக்க வேண்டியதில்லை. எல்லா ஆராய்ச்சியும் கண்ணாடிக் குழாய்களில் நடப்பதன்று. இம்மாவட்டத்தில் எந்தப் பாம்பு, எந்தப் பயிரில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் தீண்டுகிறது? தீண்டியதற்கும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்ததற்கும் இடையில் எத்தனை நாழிகை கழிந்தது? பிழைத்தவர்களில் எத்தனை பேர் கையோ காலோ சிறுநீரகமோ பழுதுபட்டு வாழ்கிறார்கள்? வீடு வீடாகச் சென்று இவற்றை எழுதிவைக்க ஒரு மருத்துவ மாணவரும், ஒரு குறிப்பேடும், பயணச் செலவும் போதும். ஆனால் ஓராண்டு எழுதினால் போதாது. பத்தாண்டு எழுத வேண்டும். பத்தாண்டுக்கு வசூல் செய்ய எவராலும் இயலாது. பத்தாண்டுக்கு வாடகை தர ஒரு கடையால் இயலும். வட்டியில் வளரும் நிதியைத் தவிர்க்க விரும்பும் நமக்குக் கடை வாடகை ஐயத்துக்கு இடமில்லாத வருவாயும் ஆகும்.

மனிதன் மறைந்த பின்னும் தொடரும் நன்மைகளாக நமக்குக் கற்பிக்கப்பட்டவற்றுள் நிலையான தர்மமும் பயன் தரும் கல்வியும் உள்ளன. ஆராய்ச்சிக்குச் செய்யும் வக்ஃபில் இவ்விரண்டும் ஒன்றுசேர்கின்றன. பாலையில் கிணறு தோண்டியவன், அதில் நீர் அருந்தப் போகிறவனின் பெயரைக் கேட்டுத் தோண்டவில்லை. யாரேனும் தாகத்தோடு வருவார் என்ற அறிவு அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் யாரோ ஒருவர் தீண்டப்படுவார் என்பதும் அதே அளவு உறுதியான அறிவுதான். பெயர் தெரியாது என்பதற்காக அவருக்குரிய உரிமை இல்லாமற் போய்விடாது.

துண்டு விரித்த அந்த ஜமாஅத்தாரை நாம் குறை கூறவில்லை. அவர்களால்தான் ஒரு குடும்பம் கடனிலிருந்து மீண்டது. அத்துண்டு இனியும் விரிக்கப்படட்டும். அதனோடு, கடைத்தெருவில் ஒரு கடையின் வாடகை, இன்னும் தீண்டப்படாத அந்த மனிதருக்காக மாதந்தோறும் வந்து சேரட்டும் என்பதே நம் விருப்பம்.